மை வெச்ச இடம் தப்பு!

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போச்சு? அரியர் எத்தனைன்னு கேட்க மாட்டேன், பயப்படாதீங்க. அது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

இந்த வாரம் 'கடைசி பெஞ்ச் கம்ப்யூட்டர்'ல ஒரு பாவமன்னிப்பு. நான் எழுதின புரோகிராம் ஒரு பாட்டியோட வாரக் கூலியில 115 ரூபாயைச் சுருட்டிடுச்சு. எர்ரர் வரலை. வார்னிங்கூட வரலை. ஸ்கிரீன்ல எல்லாமே சமத்தா இருந்துச்சு. பாட்டி மட்டும் சமத்தா வாங்கிட்டுப் போகலை. நல்லவேளை!

சம்பவம் நடந்த இடம் செம்மநத்தம். சேலத்துல பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுலயும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாந்தியை அடக்கி, ஏற்காட்டுல இறங்கி, அங்கேயிருந்து மலைக்குள்ள இன்னும் போகணும். டூரிஸ்ட் மக்கள் ஏரியில போட்டிங், லேடீஸ் சீட்ல போட்டோன்னு ஏற்காட்டோட திரும்பிடுவாங்க. நமக்கு அங்கே சித்தப்பா வீடு இருக்கு. கொஞ்சம் காபித் தோட்டம். உயரமா சில்வர் ஓக் மரம், அதுல தொத்தி ஏறின மிளகுக் கொடி, நிழல்ல காபிச் செடின்னு சேர்வராயன் மலையில எங்கே திரும்பினாலும் தெரியுற அதே சீன். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த எம்.டி.காக்பர்ன்னு சொல்வாங்க. அவர் கொண்டுவந்துட்டுப் போயிட்டார். கணக்கு எழுதுறவங்க நாங்க.

டிசம்பர், ஜனவரின்னா காபிப் பழம் பறிக்கிற சீசன். சனிக்கிழமை சாயங்காலம் கூலி. சித்தப்பா ஒரு நீள நோட்டு வெச்சிருக்கார். ஆளுக்கு ஒரு வரி. எத்தனை கிலோ, எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினாங்க, மளிகை பாக்கி எவ்வளவு... எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு, கையில காசு. மூணு மணிக்கு உட்கார்ந்தார்னா இருட்டுறவரைக்கும் இதே வேலை.

லீவுக்குப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற பையன் சும்மா இருப்பானா? "சித்தப்பா, இதெல்லாம் பத்து வரி புரோகிராம். நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டேன்.

ஏன் பெர்ல்? நியாயமான கேள்வி. "அதெல்லாம் எங்க அண்ணன் காலத்து லாங்வேஜ் பாஸ்"னு கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க கிண்டல் பண்றது காதுல விழுது. நான் ஈ.சி.ஈ. சிப் டிசைன் பக்கம் வேலைக்குப் போகணும்னு ஆசை இருந்தா பெர்ல், டி.சி.எல். ரெண்டையும் தொட்டுப் பார்க்காம முடியாது. அந்தத் துறையில வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கிற ஸ்கிரிப்டுகள் ஏராளம். அதோட, சித்தப்பா வீட்டுல கிடந்த பழைய லேப்டாப்ல லினக்ஸ். அதுல பெர்ல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்துச்சு. சிக்னல் இருக்கிற இடத்தைத் தேடி மொட்டைமாடிக்குப் போற ஊர்ல, டவுன்லோடு பண்ணாம கையில இருக்கிறதுதான் நல்ல லாங்வேஜ்!

இங்கே ஒரு சின்ன அறிவிப்பு. நம்ம பக்கத்துல இங்கிலீஷ் எழுத்து வராது. அதனால கோடை தமிழ் எழுத்துல எழுதுறேன். 'மை'ன்னு பார்த்தீங்கன்னா அது பேனா மையோ கண்மையோ இல்லை. 'என்னோடது'ன்னு அர்த்தம் வர்ற எம், ஒய். இஃப், ஓபன், ரீட் எல்லாமே அப்படித்தான், டைப் பண்ணும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க. ஆனா வேரியபிள் பெயர் மட்டும் நிஜமாவே தமிழ்தான். மேலே 'யூஸ் யு.டி.எஃப்.8'னு ஒரு வரி போட்டா பெர்ல் தமிழ்ப் பெயரை ஏத்துக்கும். சத்தியமா!

சரி, விஷயத்துக்கு வருவோம். எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ். சீனியர் கிட்டேயிருந்து அவங்க சீனியர், அவங்க கிட்டேயிருந்து அவங்க சீனியர்னு கை மாறி வந்தது. முதல்ல யார் எழுதினாங்கன்னு கடவுளுக்கே வெளிச்சம். நாலாம் பக்கத்துல தலைப்பு: 'ஒரே வரியில் வேரியபிள் அறிவித்தல்'. அதுக்குக் கீழே ரெண்டு உதாரணம்.

ஓபன்(மை $கோப்பு, '<', $பெயர்) ஆர் டை;

மை $பேரு = ஷிஃப்ட் இஃப் @_;

அவ்வளவுதான். விளக்கம் கிடையாது. ரெண்டும் ஒரே ஜாதி மாதிரி அடுத்தடுத்து நிக்குது. முதல் வரி தங்கமான வரி. ரெண்டாவது வரி கண்ணிவெடி. பார்த்தா தெரியுதா உங்களுக்கு? எனக்கும் தெரியலை.

சித்தப்பா நோட்டுல ஒரு பழக்கம். மளிகை காலத்துல ஒண்ணும் இல்லைன்னா சைபர் போடுவார். அட்வான்ஸ் காலத்தை மட்டும் காலியா விட்டுடுவார். நானும் அப்படியே ஃபைல்ல அடிச்சிட்டேன். ரெண்டையும் கூட்டச் சொன்னா, காலியா இருக்கிற இடத்துல 'இது நம்பர் இல்லையே'ன்னு பெர்ல் வார்னிங் கொடுத்துச்சு. வார்னிங் வந்தா என்ன பண்ணுவோம்? ஏன்னு யோசிப்போமா, வாயை அடைப்போமா? அதேதான். ஜெராக்ஸ்ல பார்த்த ரெண்டாவது வரியை எடுத்து ஒட்டினேன்.

மை $பிடித்தம் = $அட்வான்ஸ் இஃப் $அட்வான்ஸ்;
$பிடித்தம் += $மளிகை;

அட்வான்ஸ் இருந்தா பிடித்தத்துல வை, அப்புறம் மளிகையைக் கூட்டு. படிச்சா எவ்வளவு அழகா இருக்கு! டெஸ்டும் பண்ணினேன் மக்கா. அட்வான்ஸ் வாங்கின ஒருத்தர், வாங்காத ஒருத்தர். ரெண்டு பேருக்கும் சரியா வந்துச்சு. வார்னிங்கும் போச்சு. 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' போட்டிருந்தேன், அதுவும் வாயைத் திறக்கலை. சனிக்கிழமை ஒன்பது பேருக்கும் சீட்டு அச்சடிச்சு சித்தப்பா கையில கொடுத்துட்டு, காபி குடிச்சேன். என்னமோ இஸ்ரோவுல ராக்கெட் விட்ட ஃபீலிங்.

நாலாவது நம்பர் பாட்டி சீட்டை வாங்கி, பேரன் கிட்ட கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க. அவன் படிச்சான். 'பிடித்தம் 115'. பாட்டி என்னைப் பார்த்தாங்க.

"ஏன் கண்ணு, நான் இந்த வாரம் அட்வான்சும் வாங்கலை, கடையில ஒரு உப்புக்கல்லும் வாங்கலை. எதுக்கு நூத்திப் பதினஞ்சு புடிச்சே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதவே கூச்சமா இருக்கு. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது பாட்டி"ன்னேன்.

அவங்க சண்டை போடலை. கொடுத்த காசை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. ராத்திரி சித்தப்பா பணப்பெட்டியை எண்ணினப்போ 175 ரூபா அதிகமா இருந்துச்சு. "என்னடா, யாருக்கோ கம்மியா கொடுத்துட்டேன் போலயே"ன்னார். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார், என் சீட்டை இல்லை. அப்போதான் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

நோட்டை விரிச்சு ஒவ்வொரு வரியா கையால போட்டுப் பார்த்தேன். நீங்களும் கூடவே வாங்க, இது சுவாரஸ்யமான இடம்.

முதல் ஆள்: அட்வான்ஸ் 200, மளிகை 60. பிடித்தம் 260. சீட்டுல 260. சரி. ரெண்டாவது அக்கா: அட்வான்ஸ் இல்லை, மளிகை 40. சீட்டுல 40. சரி. மூணாவது அண்ணன்: அட்வான்ஸ் இல்லை, மளிகை 75. சீட்டுல... 115! எப்படி? 75-ஓட ரெண்டாவது அக்காவோட 40 வந்து ஒட்டிக்கிச்சு. நாலாவது நம்ம பாட்டி: ரெண்டும் இல்லை. சீட்டுல அதே 115. அஞ்சாவது ஆள் அட்வான்ஸ் 100, மளிகை 30. சீட்டுல 130, சரி. ஆறும் ஏழும் எட்டும் சரி. ஒன்பதாவது அக்காவுக்கு 35 வர வேண்டிய இடத்துல 55; எட்டாவது ஆளோட 20 ஒட்டிக்கிச்சு. 40, 115, 20. கூட்டினா 175. பெட்டியில இருந்த மிச்சம் பைசா சுத்தமா உட்கார்ந்துச்சு.

பேட்டர்ன் தெரியுதா? அட்வான்ஸ் வாங்காதவங்க அடுத்தடுத்து வந்தா, முன்னாடி ஆளோட பிடித்தம் பின்னாடி ஆள் தலையில விழுது. அட்வான்ஸ் வாங்கினவர் நடுவுல வந்தா கணக்கு துடைச்சுப் போகுது. அதாவது கடனே வாங்காதவங்களைத்தான் என் புரோகிராம் தேடித் தேடித் தண்டிச்சிருக்கு. என் டெஸ்ட்ல அட்வான்ஸ் இல்லாதவர் ஒருத்தர்தானே? அடுத்தடுத்து ரெண்டு பேர் வரவே இல்லையே!

ஏன் இப்படி? 'மை' ரெண்டு வேலை பண்ணுது. ஒண்ணு, புரோகிராமைப் படிக்கும்போதே 'இப்படி ஒரு பெயர் இருக்கு'ன்னு பதிவு பண்றது. இன்னொண்ணு, ஓடும்போது 'இந்தச் சுத்து முடிஞ்சதும் இதைத் துடைச்சிடு'ன்னு குறிச்சு வைக்கிறது. பின்னாடி 'இஃப்' போட்டா முதல் வேலை எப்பவும் நடக்கும். அதான் ஸ்ட்ரிக்ட் சத்தம் போடலை. ரெண்டாவது வேலை கண்டிஷன் உண்மையா இருந்தாத்தான் நடக்கும். அட்வான்ஸ் காலியா இருந்தா, துடைக்கச் சொல்லி யாரும் குறிப்பு எழுதலை. பலகையில போன பீரியடு கணக்கு அப்படியே கிடக்குது. அடுத்த வாத்தியார் வந்து அதும் மேலேயே கூட்டுறார்.

இனி நம்ம தலைப்புக்கு வரலாம். இதை நான் எங்கே கத்துக்கிட்டிருக்கணும்?

பெர்ல் கூடவே அதோட டாக்குமென்டேஷனும் வரும். பேரு பெர்ல்டாக். நெட்டே வேண்டாம். (உபுண்டு வெச்சிருக்கிறவங்களுக்கு: அங்கே அதைத் தனியா பெர்ல்-டாக்னு ஒரு பேக்கேஜா போட்டுக்கணும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்குங்க, மலை ஏறின பிறகு வருத்தப்படாதீங்க.) அன்னிக்கு ராத்திரி போர்வைக்குள்ள உட்கார்ந்து படிச்சேன். முதல்ல 'மை' பக்கம்தானே போவோம்? போனேன். இது எந்த எல்லைக்குள்ள செல்லும், பல பெயர் இருந்தா அடைப்புக்குறி போடணும்னு சொல்லுது. என் வியாதிக்கு மருந்து அங்கே கிடைக்கலை. அது இருந்தது 'பெர்ல்சின்'னு இன்னொரு பெரிய கட்டுரையில, வாக்கியத்துக்குப் பின்னாடி 'இஃப்' ஒட்டுறதைப் பத்திப் பேசுற இடத்துல. 'மை'க்குப் பின்னாடி இப்படி இஃப் போட்டா என்ன நடக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை, இன்னிக்கு ஒரு மாதிரி, நாளைக்கு வேற மாதிரி இருக்கலாம், நம்பாதேன்னு தெளிவா எழுதியிருக்காங்க. பழைய கடல் வரைபடத்துல 'இந்தப் பக்கம் பூதம் இருக்கு'ன்னு எழுதுவாங்களே, அந்த ஸ்டைல்ல ஒரு எச்சரிக்கை வேற.

பூதம் இருக்கிறதைச் சொல்லியிருக்காங்க. ஆனா போர்டு வெச்சிருக்கிறது அடுத்த தெருவுல!

இந்தப் பூதத்தை வளர்த்தவங்களும் உண்டு. 'மை' வந்தது 1994-ல், பெர்ல் 5-ஓட. அதுக்கப்புறம் சில கில்லாடிகள் 'மை $எக்ஸ் இஃப் 0'ன்னு வேணும்னே எழுதி, துடைக்கப்படாத வேரியபிளா அதைப் பயன்படுத்தினாங்க. அதுக்குன்னே 2007-ல் பெர்ல் 5.10-ல் 'ஸ்டேட்'னு முறையான ஒரு வார்த்தை வந்துச்சு. 2019-ல் வந்த 5.30-ல் 'இஃப் 0' குறுக்கு வழியை எர்ரராவே ஆக்கிட்டாங்க. "அப்போ புதுசு போட்டா தப்பிச்சிருப்பியே"ங்கிறீங்களா? இல்லை மக்கா. பளிச்சுனு சைபர் போட்டாத்தான் அது பிடிக்கும். 'இஃப் $அட்வான்ஸ்'னு வேரியபிள் போட்டா இன்னிக்கும் சத்தமே இல்லாம ஓடும். பெர்ல்கிரிட்டிக்னு கோடைத் திட்டுறதுக்குன்னே ஒரு டூல் இருக்கு, அது பிடிக்கும். எனக்கு அதைப் பத்தித் தெரிஞ்சது பாட்டிக்கு அப்புறம்தான்.

"அப்போ ஒரே வரியில மை போடுறதே தப்பா? சி லேப்ல சொல்ற மாதிரி எல்லாத்தையும் மேலேயே அறிவிச்சிட்டா என்ன?"ன்னு கேட்பீங்க. டர்போ சி-யோட நீல ஸ்கிரீன்ல ஃபார் லூப்புக்குள்ள 'இன்ட் ஐ' போட்டு எர்ரர் வாங்கின தலைமுறை நாம. சி-யிலேயே அது சி99 தரத்துல சட்டப்படி சரியாயிடுச்சுங்கிறது வேற கதை. என் கட்சி இதுதான்: தப்பு ஒரே வரியில இல்லை. 'நடக்கலாம், நடக்காமலும் போகலாம்'ங்கிற இடத்துல மை வெச்சதுதான் தப்பு.

ஓபன் வரியையே எடுத்துக்குங்க. ரொம்ப காலம் புத்தகங்கள்ல அது வேற மாதிரி இருந்துச்சு. எஃப்.எச்.னு மொட்டையா ஒரு பெயர், ஃபைல் பெயர், அவ்வளவுதான். ரெண்டே சமாசாரம். அதுல ஒரு ஆபத்து என்னன்னா, ஃபைல் பெயர் '>' குறியில ஆரம்பிச்சா, படிக்கத் திறக்கிறதுக்குப் பதிலா அந்த ஃபைலைக் காலி பண்ணிடும். '|' குறியில முடிஞ்சா, பெயரையே கமாண்டா எடுத்து ஓட்டிடும். ஃபைல் பெயரை வெளியாள் யாராவது கொடுக்கிற மாதிரி புரோகிராம்னா கதை கந்தல்தான். 2000-ல் வந்த பெர்ல் 5.6-லதான், படிக்கவா எழுதவாங்கிறதைத் தனியா சொல்ற மூணு பங்கு ஓபனும், மொட்டைப் பெயருக்குப் பதிலா 'மை $கோப்பு'ன்னு உள்ளேயே அறிவிக்கிற வசதியும் வந்துச்சு. அந்த வேரியபிளோட எல்லை முடிஞ்சா ஃபைல் தானா மூடிக்கும். பெர்ல்டாக்ல ஓபன் பக்கத்துல இன்னிக்கு உதாரணங்கள் 'மை'யோடதான் இருக்கு. அது சரியான முடிவு. ஏன்னா நாம டாக்குமென்டேஷனைப் படிக்கிறதில்லை பாஸ், காப்பி அடிக்கிறோம். காப்பி அடிச்சா அப்படியே ஓடுற வரியா, ஸ்ட்ரிக்ட் முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கிற வரியா இருக்கணும்.

ஆனா அதுலயும் நான் வழுக்கினேன். கூலி நோட்டுக்கு ஒரு ஃபைல், மளிகைக்கு ஒரு ஃபைல். ஓபன் வரியை ரெண்டு தடவை ஒட்டினேன். 'ஏற்கெனவே இருக்கிற மை-யை இது மறைக்குது'ன்னு வார்னிங். அப்போதான் உறைச்சுது. நான் 'மை'ங்கிறதை ஓபனோட இலக்கணத்துல ஒரு பாகம்னு நினைச்சிட்டிருந்தேன்! அடைப்புக்குறிக்குள்ள இருக்கு, எல்லா உதாரணத்துலயும் இருக்கு, வேற எப்படி நினைப்பேன்? கல்யாண வீட்டு போட்டோ எல்லாத்துலயும் நிக்கிறவரை மாப்பிள்ளையோட அண்ணன்னு நினைச்சு, கடைசியில பார்த்தா அவர் போட்டோகிராபரோட அசிஸ்டென்ட்டா இருந்த மாதிரி.

ரீட் இன்னும் மோசம். அது படிச்சதை நாம கொடுக்கிற வேரியபிள்ல கொண்டுவந்து கொட்டும். டாக்குமென்டேஷன்ல 'இங்கே ஃபைல், இங்கே வேரியபிள், இங்கே நீளம், இங்கே எங்கேர்ந்து கொட்டணும்'னு கட்டம் கட்டமா இருக்கு. 'ரீட் $கோப்பு, மை $துண்டு, 1024'ன்னு ஒரே வரியில போட்டா ஜோரா ஓடும். சரி, இன்னும் கொஞ்சம் படிச்சு ஏற்கெனவே இருக்கிறதோட பின்னாடி ஒட்டணும்னு, கடைசிக் கட்டத்துல 'லெங்த் $துண்டு' போட்டா? ஸ்ட்ரிக்ட் பாய்ஞ்சு கடிக்கும். ஏன்னா 'மை'ன்னு அறிவிச்ச பெயர் அந்த வாக்கியம் முடிஞ்சு அடுத்த வாக்கியத்துலதான் கண்ணுக்குத் தெரியும். அதே வரிக்குள்ள 'துண்டு யாரு?'ன்னு கேட்கும். ஸோ, இங்கே 'மை $துண்டு = வெற்று'ன்னு முந்தின வரியிலேயே போட்டு, அப்புறம் ரீட் பண்றதுதான் வழி. இந்த ரெண்டு உதாரணமும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஒரு பய கேள்வி கேட்க மாட்டான். 'மை' தனியா ஒரு ஆள், ரீட் தனியா ஒரு ஆள்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்.

முழு வரியைக் காட்டணும்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, இது தமிழ்ப் பசங்களுக்கு மட்டும் ஸ்பெஷல். சீட்டோட தலையில ஊர் பெயரை நடுவுல அச்சடிக்க நினைச்சேன். ஃபைல்லேர்ந்து 'செம்மநத்தம்' படிச்சு நீளம் கேட்டா பெர்ல் 33-னுச்சு. ஏழு எழுத்துப் பா அது! ஓபன்ல '<'-க்குப் பின்னாடி யு.டி.எஃப்.8 என்கோடிங்னு சேர்த்துத் திறந்தா 11-னுச்சு. 33 பைட், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணினா 11, நாம எண்ணுற மாதிரி எண்ண, ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல '\எக்ஸ்' போட்டு எண்ணினா 7. பெர்ல்டாக் ஓபன் பக்கத்துல அந்த என்கோடிங் உதாரணமும் இருக்கு, 'மை'யோட, ஃபெயிலானா என்ன சொல்லணும்கிறதோட. ஜெராக்ஸ்ல இல்லை.

இந்த 'உள்ளேயே அறிவிக்கலாமா' சண்டை பெர்லுக்கு மட்டும் சொந்தம்னு நினைக்காதீங்க. சி ஷார்ப்ல 2017-ல்தான், ஃபங்ஷன் நிரப்பிக் கொடுக்கிற வேரியபிளை அழைக்கிற இடத்துலயே அறிவிக்க விட்டாங்க. பைத்தான்ல கண்டிஷனுக்குள்ளேயே பெயர் வைக்கிற ':=' குறி 2019-ல் 3.8-ல் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நடந்த விவாதத்துல நொந்துபோய்த்தான் 2018 ஜூலையில, பைத்தானை உருவாக்கின கைடோ வான் ரோஸம் முடிவெடுக்கிற தலைமைப் பதவியே வேண்டாம்னு ஒதுங்கினார். ஒரு முக்காற்புள்ளிக்கும் ஒரு சமக்குறிக்கும் இவ்வளவு அக்கப்போர்!

எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா பெர்ல்டாக்ல 'மை' பக்கத்துல ரெண்டே வரி சேர்ப்பேன். பின்னாடி இஃப் போட்ட தப்பு வரி ஒண்ணு, பக்கத்துலயே சரியான வரி ஒண்ணு. கை முதல்ல போற இடத்துல போர்டு இருக்கணும். சரியானதை மட்டும் காட்டினா போதும்கிறவங்க உண்டு. தப்பைக் காட்டினா அதையும் காப்பி அடிப்பாங்கங்கிறது அவங்க பயம். நியாயமான பயம்தான், நானே சாட்சி. ஆனா தப்பு வரி எங்கேயும் அச்சாகாம இல்லையே? அது ஜெராக்ஸ்ல, பேட்ச் பேட்ச்சா, விளக்கமே இல்லாம சுத்திட்டுத்தான் இருக்கு.

என் வரியைத் திருத்த அரை நிமிஷம் ஆச்சு.

மை $பிடித்தம் = $அட்வான்ஸ் || 0;

காலியா இருந்தா சைபர். மை எப்பவும் நடக்கும், எப்பவும் துடைக்கும். ஒன்பது பேருக்கும் ஓட்டினேன், கையால போட்டதோட சரியா வந்துச்சு. அப்புறம் அட்வான்ஸ் இல்லாத அஞ்சு பேரை வரிசையா விட்டும் ஓட்டிப் பார்த்தேன். (இதை முதல்லயே பண்ணியிருக்கணும், தெரியும், தெரியும்.)

இன்னொண்ணும் மாத்தினேன். முதல் சீட்டுல 'பிடித்தம்'னு ஒரே நம்பர்தான் போட்டிருந்தேன். ஸ்டைலா இருக்கும்னு நினைச்சேன். பாட்டி கேட்ட கேள்வியை மறுபடி யோசிச்சுப் பார்த்தப்போ, அவங்க தப்பைக் கண்டுபிடிச்சது என் சீட்டால இல்லை, அவங்க ஞாபகத்தால. மூணாவது அண்ணன்கிட்ட 40 ரூபா அதிகமா பிடிச்சிருக்கு. மளிகை பாக்கி இருந்ததால அவர் 115-ஐப் பார்த்து 'சரி, இருக்கும்'னு போயிட்டார். ஒன்பதாவது அக்காவும் அப்படித்தான். ஸோ இப்போ சீட்டுல அட்வான்ஸ் தனியா, மளிகை தனியா, மொத்தம் தனியா. காகிதம் அரை இன்ச் நீளம் கூடிடுச்சு. சித்தப்பா ஒண்ணும் சொல்லலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில பனி விலகுறதுக்கு முன்னாடியே மூணு வீட்டுக்கும் நடந்தேன். அண்ணனுக்கு 40 கொடுத்தப்போ "எதுக்குடா?"ன்னு கேட்டு, நான் சொல்லச் சொல்லச் சிரிச்சார். அக்கா வீட்டுல இல்லை, சாயங்காலம் திரும்பப் போய்க் கொடுத்தேன். பாட்டி திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. 115-ஐ வாங்கி ரெண்டு தடவை எண்ணினாங்க. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னியே கண்ணு?"

"நான் பண்ணினேன் பாட்டி."

"சரி. அடுத்த வாரம் அதுலயே போடு. உங்க சித்தப்பனையும் நோட்டுல எழுதச் சொல்லு. ரெண்டும் இருக்கட்டும்."

சித்தப்பா இப்போ ரெண்டும் பண்றார். மூணு மணிக்கு உட்கார்ந்து, இருட்டுறதுக்குள்ள எழுந்திரிச்சிடுறார்.

காலேஜ் திரும்பினதும் அந்த ஜெராக்ஸ் நாலாம் பக்கத்துல ரெண்டாவது வரியைச் சிவப்புப் பேனாவால அடிச்சு, ஓரத்துல ஏன்னு எழுதி, ஜூனியர் கிட்ட கொடுத்தேன். வாங்கினவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, ஜெராக்ஸ் போட்டா சிவப்பு கறுப்பா வருமே, அடிச்சது தெரியுமா?"

பக்கத்துலயே சரியான வரியையும் எழுதிக் கொடுத்திருக்கேன். உங்க காலேஜ்லயும் அந்த நோட்ஸ் சுத்துதுன்னா, நாலாம் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போமா மக்கா!